ஆத்துல போட்டாலும் அளந்து போடு: சொலவடை சேர்த்தவங்க கதை

வணக்கம் மக்களே. ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். எங்க ஊர்ல "மக்களே"ன்னா பன்மை இல்ல. ஒரே ஒரு பிள்ளையைக் கூட "வா மக்களே, சாப்பிடு மக்களே"ன்னுதான் கூப்பிடுவாங்க. அதனால ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு மெட்ரோவுல தனியா போய்க்கிட்டு இருக்கிற உங்களைத்தான் கூப்பிடுறேன்.

இந்த எபிசோட் என் போன்ல இருக்கிற ஒரு நோட்ல இருந்து ஆரம்பிக்குது. அந்த நோட்டோட பேர் "ஆச்சி". 2017இல், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, லீவுக்கு ஊருக்குப் போன சமயம் ஆரம்பிச்சது. எங்க ஊர் தோவாளை தாலுகாவுல, பூதப்பாண்டிக்குப் பக்கம். ஆச்சி வாயைத் திறந்தா ஒரு சொலவடை வரும். நான் அதை டைப் பண்ணி ஸ்டேட்டஸ் வைப்பேன். ஹாஸ்டல் பசங்க சிரிப்பாங்க. அப்படிச் சேர்ந்து சேர்ந்து மொத்தம் 212 வரி ஆகியிருந்தது. 2021இல் ஆச்சி போயிட்டாங்க.

போன மாசம் அந்த நோட்டை எடுத்து முழுசா படிச்சேன். பாதி வரி எனக்கே புரியல. சொற்கள் புரியுது. ஆச்சி எதுக்காக, யாரைப் பார்த்து அதைச் சொன்னாங்கன்னு தெரியல. தேதி இல்ல, இடம் இல்ல, ஆள் இல்ல. கமென்ட் எழுதாத கோடை நாலு வருஷம் கழிச்சுத் திறந்து பார்த்தா எப்படி இருக்குமோ அப்படி. எழுதினவனும் நான்தான், திட்டுறவனும் நான்தான்.

அப்போதான் தோணுச்சு. எனக்கு முன்னாடி இந்த வேலையைச் செஞ்சவங்க யாரு? அவங்க எப்படிச் சேர்த்தாங்க? எதை விட்டாங்க?

தினம் ஒரு வரி நல்ல வாக்கு படிக்கிற பழக்கம் நமக்குப் புதுசு இல்ல. சிவகாசியில அச்சாகிற தினசரி காலண்டரைக் கிழிச்சா ராகு காலத்துக்குப் பக்கத்துல ஒரு பொன்மொழி இருக்கும். ஸ்கூல் பிரேயர்ல ஒரு குறள் சொல்லணும். அரசு பஸ்ல ஏறினா ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால ஒரு குறள். எங்க மாவட்டத்துல இது இன்னும் ஒருபடி மேல. கடலுக்கு நடுவுல பாறை மேல 133 அடியில வள்ளுவர் நிக்கிறாரு. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலோட அதிகாரக் கணக்கு. சிலை 95 அடி, அது மீதி ரெண்டு பாலுக்கும் சேர்த்து. கணபதி ஸ்தபதி செஞ்சது, 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. ஒரு புத்தகத்தோட பொருளடக்கத்தைக் கல்லுல ஏத்தி நிறுத்தி வெச்ச மாதிரி.

ஆனா வள்ளுவர் வாக்குக்கு ஆசிரியர் பேர் இருக்கு, நூல் இருக்கு, உரை இருக்கு. ஆச்சி சொன்னதுக்கு அதெல்லாம் கிடையாது. அது யாரோ சொன்னது, எல்லாரும் சொல்றது. இந்த ரெண்டாவது வகையைச் சேர்க்கிறதுதான் கஷ்டம்.

தமிழ்ல இதற்கும் பழைய முன்னோடி ஒருத்தர் உண்டு. முன்றுறையரையனார். அவர் செய்த நூல் பழமொழி நானூறு, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. நானூறு வெண்பா, ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி. பெரும்பாலும் முதலில் ஒரு நிலைமையைச் சொல்வார், கடைசியில் பழமொழியைக் கொண்டு வந்து உட்கார வைப்பார். ஸ்கூல்ல படிக்கும்போது மனப்பாடச் செய்யுளாத்தான் தெரிஞ்சுது. இப்போ பார்க்கும்போது, நான் நோட்ல விட்டுட்ட "எந்தச் சந்தர்ப்பத்துல" அப்படிங்கிற காலத்தை அவர் ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடியே நிரப்பி வெச்சிருக்காருன்னு புரியுது.

ஐரோப்பாவில் எராஸ்மஸ் 1500இல் பாரிஸ்ல பழமொழித் தொகுப்பு ஒண்ணு போட்டாரு. தொடங்கும்போது சுமார் 800. 1536இல் இறக்கிறதுக்குள்ள அது 4,000ஐத் தாண்டிடுச்சு. ஒருதடவை ஆரம்பிச்சா நிறுத்த முடியாத வியாதி இது. ஆனா அவர் சேர்த்தது பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் புத்தகங்கள்ல இருந்து. தெருவுல இருந்து இல்ல.

தெருவுல இருந்து சேர்த்த ஆட்கள் தமிழுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இங்கதான் கதை சூடு பிடிக்குது.

பீட்டர் பெர்சிவல்னு ஒரு ஆங்கிலேய மிஷனரி. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் இருந்தவர். ஆறுமுக நாவலர் இவர்கிட்ட வேலை பார்த்து, பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவி பண்ணினது பலருக்கும் தெரியும். அதே பெர்சிவல் 1840களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழித் தொகுப்பை ஆங்கில மொழிபெயர்ப்போட அச்சில் கொண்டு வந்தார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பழமொழி. பிறகு சென்னைக்கு வந்தார், 1855இல் தினவர்த்தமானின்னு ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார், பிரசிடென்சி கல்லூரியில் பாடம் சொன்னார். இத்தனைக்கும் நடுவுல சேர்க்கிறதை நிறுத்தல. 1874இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ஆறாயிரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முப்பது வருஷம்! நான் என் 212க்கே பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

அடுத்து 1894இல் ஜான் லாசரஸ். இவர் தமிழர், கிறிஸ்தவப் போதகர். சென்னையில் இவர் வெளியிட்ட பழமொழி அகராதியில் 9,417 பழமொழிகள். இவர் முழுசா மொழிபெயர்க்கல. எங்கே, எப்படிப் பயன்படும்னு ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் குறிப்பு கொடுத்தார். மூணு வருஷம் கழிச்சு 1897இல் ஹெர்மன் ஜென்சன்னு ஒரு டேனிஷ் மிஷனரி 3,644 பழமொழிகளோட இன்னொரு புத்தகம் போட்டார்.

ஏன் ஜென்சனோடது எண்ணிக்கையில் குறைவு? இங்க என் தொழில் புத்தி கொஞ்சம் வேலை செய்யுது, பொறுத்துக்கோங்க.

பெர்சிவலும் லாசரஸும் அகர வரிசை. அதாவது பழமொழியோட முதல் சொல்தான் சாவி. ஆச்சி அடிக்கடி சொல்ற ஒண்ணை எடுத்துக்குவோம்: "அறுக்கத் தெரியாதவனுக்கு அம்பத்தெட்டு அருவாளாம்." அச்சில் இதை "அறுக்கமாட்டாதவன் இடுப்பிலே ஐம்பத்தெட்டு அரிவாள்"னு பார்க்கலாம். வேற ஊர்ல ஆயிரத்தெட்டுன்னு சொல்வாங்க. யாராவது "அருவா அம்பத்தெட்டு"ன்னு திருப்பிப் போட்டா முதல் சொல்லே மாறிடும், வேற பக்கத்துல போய் உட்கார்ந்துக்கும். டேட்டாபேஸ் மொழியில சொன்னா, மாறிக்கிட்டே இருக்கிற ஒரு விஷயத்தைப் பிரைமரி கீயா வெச்ச மாதிரி. டூப்ளிகேட் சேர்ந்துக்கிட்டே போகும். பிற்காலத்தில் கலைமகள் ஆசிரியர் கி.வா. ஜகந்நாதன் தொகுத்த தமிழ்ப் பழமொழிகள் நாலு பாகமா வந்து இருபதாயிரத்தைத் தாண்டினதுக்கு, அவருடைய அசாத்திய உழைப்போட இதுவும் ஒரு காரணம்.

ஜென்சன் முதல் சொல்லைப் பார்க்கல, பொருளைப் பார்த்தார். கடன், சோம்பல், நன்றி கெட்டதனம்னு தலைப்பு வாரியாக அடுக்கினார். டேக் போடுறோமே, அதே வேலை. எனக்கு மூணு பேருல இவரைத்தான் பிடிக்கும். ஒரு பழமொழி ரெண்டு தலைப்புக்கும் பொருந்தினா என்ன செய்யறதுன்னு மண்டையை உடைச்சிருப்பாரு இல்ல, அந்தத் தலைவலிக்காகவே.

(சொல்ல மறந்துட்டேன். இந்த எபிசோடுக்குக் குறிப்பெடுக்க நான் அஞ்சு வேற வேற நோட்ஸ் ஆப் இறக்கி முயற்சி பண்ணினேன். அந்த அம்பத்தெட்டு அருவா யாருக்குன்னு ஆச்சி இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க.)

மிஷனரிகளுக்கு இதில் ஒரு தேவை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்ல. பிரசங்கத்தில் ஒரு சொலவடை விழுந்தா கூட்டம் நிமிர்ந்து பார்க்கும். புதுசா வர்ற வெள்ளைக்காரப் போதகருக்கும் அதிகாரிக்கும் மொழி கத்துக்கொடுக்கணும். இந்த ஜனங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு தெரியணும். இந்த மூணு தேவைக்கும் பழமொழி போதும், அதைச் சொன்ன ஆள் வேண்டாம். அதனால மூணு புத்தகத்திலும் எவ்வளவு தேடினாலும் ஒரு பழமொழிக்குப் பக்கத்தில் இதைச் சொன்னது இன்ன ஊர்க்காரர், இன்ன வேலை செய்றவர்னு இருக்காது. விவசாயி சொன்னதும், வண்ணார் சொன்னதும், வீட்டுக்குள்ள ஒரு மாமியார் சொன்னதும் ஒரே வரிசையில் எண் போட்டு நிக்கும்.

இதனால ஒரு பெரிய சிக்கல் வருது. இந்தத் தொகுப்புகளைத் திறந்தீங்கன்னா சாதிகளைப் பத்தியும் பெண்களைப் பத்தியும் இருக்கிற வரிகள் படிக்கவே கூசும். நான் இங்க ஒண்ணும் வாசிக்கப் போறதில்ல. அது "தமிழர் ஞானம்"னு அச்சில் நிக்குது. ஆனா ஒரு சாதியை இழிவா பேசுற பழமொழியை அந்தச் சாதிக்காரங்க சொல்லியிருக்க மாட்டாங்க. யாரோ ஒருத்தர் இன்னொருத்தரைப் பத்திச் சொன்னது. சொன்னவர் பேரை எடுத்துட்டா, அது ஊரே ஒத்துக்கிட்ட உண்மை மாதிரி ஆயிடுது. இப்படிப்பட்டதையெல்லாம் தொகுப்புல இருந்து தூக்கிடணும்னு சொல்றவங்க இருக்காங்க. நான் அப்படி நினைக்கல. தூக்கிட்டா நம்ம தாத்தா பாட்டியெல்லாம் ரொம்ப நல்லவங்கன்னு ஒரு பொய் மட்டும் மிஞ்சும். இருக்கட்டும், ஆனா யார் யாரைச் சொன்னதுன்னு பக்கத்துல எழுதியிருக்கணும்.

சரி, இவ்வளவு குறை சொன்னேன். இந்தப் புத்தகங்கள் செய்த ஒரு பெரிய உதவியையும் சொல்லணும்.

உங்க ஃபேமிலி குரூப்ல ஒரு மாமா கண்டிப்பா இருப்பார். "பழமொழிகளின் உண்மையான அர்த்தம்"னு நீளமா ஃபார்வர்டு பண்ணுவார். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" தப்பாம், "ஆயிரம் வேரைக் கொன்றவன்"தான் சரியாம், அதாவது ஆயிரம் மூலிகை வேர் அறிஞ்சவராம். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" தப்பாம், "சஷ்டியில்" விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வருமாம். கேட்கிறதுக்கு அழகாத்தான் இருக்கு. ஆனா பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்புகளில் போய்ப் பாருங்க. பேரைன்னுதான் இருக்கு, சட்டின்னுதான் இருக்கு. வைத்தியரைக் கிண்டல் பண்ற ஜோக்கு, குழம்பு இருந்தாத்தான் கரண்டியில வரும்கிற சமையலறை நியாயம். அவ்வளவுதான்.

இது கிட்ல பழைய கமிட்டைத் திறந்து பார்க்கிற மாதிரி. யாரோ ஒருத்தர் "இது முதல்ல இருந்தே இப்படித்தான்"னு சொல்லும்போது, தேதி போட்ட பழைய பிரதி ஒண்ணு கையில இருந்தா வாதம் முடிஞ்சுடும். பெர்சிவலும் லாசரஸும் இதுக்காகப் புத்தகம் போடல. ஆனா நூத்திமுப்பது வருஷம் கழிச்சு வாட்ஸ்ஆப் மாமாவுக்குப் பதில் சொல்ல அதுதான் உதவுது. சிரிக்கத் தெரிஞ்ச ஒரு சமையக்கட்டுப் பேச்சை விரத மகிமையா மாத்துறதுல எனக்கு என்ன வருத்தம்னா, அந்தச் சிரிப்பு போயிடுது.

இப்போ நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

நாஞ்சில் நாடுன்னா கன்னியாகுமரி மாவட்டம் முழுசும் இல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் இந்த ரெண்டு தாலுகாவும் சேர்ந்த நெல் வயல் பூமி. 1956 நவம்பர் 1 வரைக்கும் இது தமிழ்நாட்டில் இல்ல. முதல்ல திருவிதாங்கூர் ராஜ்ஜியம், கடைசிச் சில வருஷம் திரு-கொச்சி. அதனாலயே எங்க பேச்சுல சில சொற்கள் வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. குருமிளகுக்கு நல்லமிளகுன்னு சொல்வோம். பதநீருக்கு அக்கானி. நெல்லுல ரெண்டு போகம், கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னி, கும்பம்ங்கிறது கொல்லம் ஆண்டுக் கணக்கு மாசப் பேரு. புரட்டாசி மாசியோட ஒட்டி வர்ற மாசங்கள். அறுப்பு வர்ற மாசத்தை வெச்சுப் போகத்துக்குப் பேரு. ஒரு பூவுல ஒரு ராஜ்ஜியத்தோட காலண்டர் ஒட்டிக்கிட்டு இருக்கு.

இந்த மண்ணில் ஔவையாருக்குக் கோயில் இருக்கு, தெரியுமா? நீங்க காத்தாடி மில் பார்க்க முப்பந்தல் போயிருப்பீங்க. மூவேந்தருக்கும் ஔவையார் மூணு பந்தல் போட்ட இடம்னு ஊர்க்கதை. தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோயில் இன்னொண்ணு. ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூட்டங்கூட்டமா வந்து கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவிச்சுப் படைப்பாங்க. அறத்தை ஒத்தை ஒத்தை வரியா சொல்லிக் கொடுத்த கிழவியைச் சாமியாக்கி, அவளுக்கே கொழுக்கட்டை. உலகத்துல வேற எங்கயாவது பொன்மொழி எழுதினவங்களுக்கு இப்படி ஒரு மரியாதை உண்டான்னு தெரியல.

இதோட ஒட்டினது ஔவை நோன்பு. ராத்திரி நேரத்துல, வீட்டு ஆம்பிளைங்க எல்லாம் தூங்கினதுக்கு அப்புறம் பெண்கள் மட்டும் கூடிச் செய்வாங்க. கொழுக்கட்டையில உப்பு கிடையாது. கதை சொல்வாங்க. அதை ஆம்பிளைங்க கேட்கக்கூடாது, கொழுக்கட்டையைப் பார்க்கக்கூடாது, சின்னப் பையனா இருந்தாலும் அனுமதி இல்ல. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். கதவு தாண்டிச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆச்சி அப்படிச் சிரிச்சு நான் பகல்ல கேட்டதே இல்ல.

பெர்சிவல், லாசரஸ், ஜென்சன், கி.வா.ஜ., அப்புறம் போனைக் கையில வெச்சுக்கிட்டு நான். எல்லாரும் ஆம்பிளை. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் சொல்லப்பட்டது எத்தனை சொலவடை, எங்க புத்தகங்களுக்கு வராமலே போனது எத்தனை? நான் சேர்த்த 212ம் ஆச்சி ஒரு பேரனுக்கு முன்னாடி சொன்னது. ஆச்சி தன் கூட்டாளிகள்கிட்ட என்ன பேசினாங்கன்னு என் நோட்ல ஒரு வரி கிடையாது.

ஆனா ஒரு ஆள் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தாரு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை.

1876இல் தேரூரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், பிறகு திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். நாமெல்லாம் அவரைக் குழந்தைப் பாட்டுக் கவிஞரா மட்டும் படிச்சோம். அவர் 1910களில் எழுதிய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்னு ஒண்ணு இருக்கு. அது பாடப்புத்தகத்துல வராது.

பின்னணி இதுதான். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களில் ஒரு பெரும் பகுதி மருமக்கள்வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியோட மகனுக்கு, அதாவது மருமகனுக்குப் போகும். குடும்பத் தலைவர் காரணவர். அவர் உயிரோட இருக்கிற வரை மனைவிக்கும் பிள்ளைக்கும் சாப்பாடு. அவர் கண்ணை மூடினா மருமகன் வந்து சாவியைக் கேட்பான். மனைவி பிள்ளைகளுக்குச் சின்னதா ஒரு பங்கு உண்டு. அதுக்குப் பேரு உகந்துடைமை. உகந்து கொடுக்கிற உடைமை! பேரு எவ்வளவு இனிப்பா இருக்கு பாருங்க. அதைக் கையில வாங்கறதுக்குள்ள கோர்ட்டு வாசல் தேஞ்சுடும்.

கவிமணி அந்த நூலை ஒரு காரணவரோட அஞ்சாவது மனைவி தன் கதையைத் தானே சொல்ற மாதிரி எழுதினார். முழுக்க அவள் வாய்ப்பேச்சு. அடுக்களைச் சாமான் பேரு, வசவு, சொலவடை, சண்டை, சாப்பாட்டுப் பட்டியல் எல்லாம் நாஞ்சில் பேச்சுலயே வரும். அதாவது, பெர்சிவல் பழமொழியை எடுத்துக்கிட்டு ஆளை விட்டாரு. கவிமணி ஆளைப் பிடிச்சு உட்கார வெச்சு, அவள் பேசும்போது பழமொழி தானா வரட்டும்னு விட்டாரு. ஆண் ஒருத்தர் கற்பனை பண்ணின பெண் குரல்தான், அதை மறக்கல. இருந்தாலும் அந்தக் குரலை ஊர் கேட்டுச்சு. சிரிச்சுது, கோபப்பட்டுச்சு. மருமக்கள்வழி வேண்டாம்னு நடந்த போராட்டத்துல இந்த நூலுக்குப் பங்கு உண்டு. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் கொண்டு வந்தது. பிள்ளைகளுக்குச் சொத்துரிமை வந்தது.

சட்டம் வந்ததும் உகந்துடைமைங்கிற சொல்லுக்கு வேலை போச்சு. இன்னைக்கு எங்க ஊர்ல என் வயசுப் பத்துப் பேரைக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நல்லதுதான். சில சொல் செத்தா நாம அழக்கூடாது. ஆனா அது இருந்ததுங்கிறது எங்கயாவது பதிவாகியிருக்கணும்.

பதிவாகியிருக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளா வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இருக்கே, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள் உள்ளது, அதில் சில சொற்களுக்குப் பக்கத்தில் இது நாஞ்சில் நாட்டு வழக்குன்னு தனிக் குறிப்பு போட்டிருப்பாங்க. 1926இல் அதுக்குப் பதிப்பாசிரியரா வந்த எஸ். வையாபுரிப் பிள்ளை முன்னாடி திருவனந்தபுரத்தில் வக்கீலா இருந்தவர். இந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்குத் தெரியும். ஒரு சொல்லுக்குப் பக்கத்துல ஊர் பேரைப் போடணும்னு தோணுறதே பெரிய விஷயம்.

அந்தக் குறிப்பை முழுப் புத்தகமா ஆக்கினவர் கி. ராஜநாராயணன். 1982இல் வந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. இடைசெவல் விவசாயி, பல்கலைக்கழகம் இல்ல, நிதி இல்ல. தானே கேட்டு, நண்பர்களையும் கேட்கச் சொல்லிச் சேர்த்தார். அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆட்கள் கிளம்பினாங்க. எங்க பக்கம் அ.கா. பெருமாள். பறக்கைக்காரர், அரல்வாய்மொழியில் கல்லூரிப் பேராசிரியரா இருந்தவர். கோயில் ஆவணம், வில்லுப்பாட்டு, தோல்பாவைக்கூத்து, வாய்மொழிக் கதைன்னு எதையும் விடாமச் சேர்த்தவர், நாஞ்சில் வட்டாரச் சொற்களுக்கும் அகராதி போட்டவர். நாஞ்சில் நாடன் கதைகளைப் படிச்சா, அகராதியில அடைபட்ட அதே சொற்கள் வயல் வரப்புல நடந்து போறதைப் பார்க்கலாம். 2010இல் அவருக்கு சாகித்திய அகாதெமி கிடைச்சபோது எங்க வீட்டுல ஆச்சி கேட்டது: "நாம பேசுறத எழுதுனதுக்கா மக்களே பைசா குடுக்கான்?"

இவ்வளவும் படிச்சுட்டு, போன ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டேன். நோட்ல இருந்து ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டினேன். நாப்பதாவது வரி, "ஆத்துல போட்டாலும் அளந்து போடு." இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தது சிக்கனம். வீணாப் போறதா இருந்தாலும் கணக்கோட செலவு பண்ணு. நானும் அப்படித்தான் பக்கத்துல எழுதப் போனேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அது சிக்கனம் இல்ல மக்களே"ன்னாங்க.

ஆச்சியோட அம்மா, அதாவது என் பூட்டி, ஒரு காரணவருக்கு ரெண்டாவது மனைவி. அவர் இறந்த பதினாறாம் நாள் மருமகன்கள் வந்து வீட்டுல என்ன இருக்குன்னு பட்டியல் எடுத்திருக்காங்க. பத்தாயத்துல இருந்த நெல்லுல பாதி பூட்டி தன் கைக்காசு போட்டுப் பாட்டம் எடுத்து விளைஞ்சது. ஆனா எத்தனை மரக்கால்னு கணக்கு இல்ல. யார் கேட்கப் போறாங்கன்னு அளக்காமக் கொட்டியிருக்காங்க. எல்லாம் குடும்பச் சொத்துன்னு அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் பூட்டி சாகிற வரைக்கும், பிச்சைக்காரனுக்கு ஒரு பிடி அரிசி போட்டாலும் நாழியில அளந்துதான் போடுவாங்களாம். ஆச்சி கல்யாணமாகிப் போகும்போது பூட்டி காதுல சொன்ன வரியாம் இது. ஆச்சி அதையே அம்மா கல்யாணத்துல அம்மாகிட்ட சொன்னாங்களாம். நீ கொடுத்ததுக்குக் கணக்கு வெச்சுக்கோ, ஒருநாள் எவனாவது வந்து நீ என்ன கொண்டு வந்தேன்னு கேட்பான்.

2017இல் ஆச்சி இதை என்கிட்ட சொன்னது எப்போன்னு இப்போ ஞாபகம் வந்தது. நான் முதல் இன்டர்ன்ஷிப் சம்பளத்துல ஹாஸ்டல் நண்பனுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தேன்னு சொன்ன அன்னைக்கு. நான் சிரிச்சுக்கிட்டே டைப் பண்ணி, பக்கத்துல ஒரு காசு எமோஜி போட்டு ஸ்டேட்டஸ் வெச்சேன்.

இப்போ நோட்டை ஸ்ப்ரெட்ஷீட்டா மாத்தியிருக்கேன். சொன்னது, யார், யார்கிட்ட, எந்த வருஷம், எதுக்கு. இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்ற வரைக்கும் அம்மாவோட உட்கார்ந்து 61 வரி நிரப்பியாச்சு. 38க்கு அம்மாவுக்கும் தெரியல, ஆச்சியோட தங்கச்சி வடசேரியில இருக்காங்க, அவங்ககிட்ட கேட்கணும். அவங்களுக்கு எண்பத்தாறு வயசு, காது சரியாக் கேக்காது. போன்ல முடியாது, நேர்ல போகணும். டிக்கெட் போட்டாச்சு, அடுத்த வெள்ளிக்கிழமை அனந்தபுரி.

அம்மாகிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன். ஔவை நோன்புல அப்படி என்னதான் சொல்லிச் சிரிச்சீங்க, அதுல ரெண்டாவது சொல்லுங்கன்னு.

"சவத்த விடு மக்களே, அது உனக்குள்ளது இல்ல"ன்னுட்டு போனை வெச்சுட்டாங்க. அந்த வரிசையை ஷீட்ல காலியா விட்டிருக்கேன்.

அடுத்த எபிசோட் வடசேரியில இருந்து. வாரேன் மக்களே.